பழைய தேவாலயத்தை ஊருக்குத் திறந்துவிடுவது எப்படி? செராம்பூர் அனுபவமும் பழவேற்காட்டுக் கேள்வியும்

தேர்வாய் கண்டிகை என்றதும் கும்மிடிப்பூண்டி பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது சிப்காட் வளாகம். சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். நகரத்தின் குடிநீருக்கான ஐந்தாவது ஏரி. ரெண்டுமே புதுசு. கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஷிஃப்ட் முடித்துத் திரும்புகிறவருக்கு இந்தப் பக்கத்தின் பழசு கண்ணில் படாமலே போய்விடும்.

ஆனால், இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வழியாகக் கடலை நோக்கிப் போனால் பழவேற்காடு வருகிறது. சென்னையில் ஆங்கிலேயர் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1640 வாக்கில். அதற்கு முன்பே, 1613ல், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிவிட்டார்கள். அதற்கும் முன்னால் போர்த்துக்கீசியர்கள் வந்திருந்தார்கள். அந்தக் காலத்தோடு தொடர்புடைய மகிமை மாதா திருத்தலம், நுழைவாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம், பழைய பள்ளிவாசல்கள், ஆதிநாராயணப் பெருமாள் கோயில் எல்லாம் ஒரே ஊரில், நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. கெல்ட்ரியா கோட்டை மட்டும் இன்று புதருக்குள் கிடக்கும் இடிபாடு.

இதுபோன்ற பழைய கட்டடங்களை, குறிப்பாகப் பழைய தேவாலயங்களை, என்ன செய்வது? பொதுவாக ரெண்டு வழிதான் பேசப்படும். ஒன்று, இடித்துவிட்டுப் பெரிதாகப் புதுசு கட்டுவது. இன்னொன்று, ‘பாதுகாக்கப்பட்ட இடம்’ என்று பலகை வைத்துப் பூட்டிவிடுவது. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கட்டடத்தைப் பழைய முறையிலேயே சீர்செய்து, ஊர் மக்கள் தினமும் புழங்கும் பாரம்பரிய மையமாக ஆக்குவது. இது எப்படி நடக்கிறது, யார் செய்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, நம்ம பக்கத்தில் சாத்தியமா?

பாரம்பரிய மையம் என்றால் மியூசியமா?

மியூசியம் அதில் ஒரு பகுதியாக இருக்கலாம். ஆனால், மியூசியத்துக்குப் பெரும்பாலும் வெளியூர்க்காரர்தான் வருவார். ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவார். சமூகப் பாரம்பரிய மையத்துக்கு உள்ளூர்க்காரர் திரும்பத் திரும்ப வர வேண்டும். அங்கே ஊரின் பழைய புகைப்படங்கள் இருக்கலாம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய தேவாலயப் பதிவேடுகளின் நகல்கள் இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு அறை, மாலையில் கூட்டம் நடத்த ஒரு கூடம், கைத்தொழில் செய்கிறவர்கள் பொருள் விற்க ஒரு திண்ணை என்று எதுவும் இருக்கலாம்.

வெளிநாடுகளில் இது பல வடிவங்களில் நடக்கிறது. ஐரோப்பாவில் வழிபாட்டுக்கு ஆள் குறைந்ததால் தேவாலயங்கள் காலியாகின. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 13ஆம் நூற்றாண்டு டொமினிக்கன் தேவாலயம் ஒன்று 2006 முதல் புத்தகக் கடையாக இயங்குகிறது. இங்கிலாந்தில் இப்படிப் பயன்பாடு நின்றுபோன தேவாலயங்களைக் கவனிப்பதற்கென்றே 1969ல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை, இன்று 350க்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பராமரிக்கிறது. 2018 நவம்பரில் வாடிகனே இந்தப் பிரச்சினைக்காக ஒரு மாநாட்டைக் கூட்டி, கைவிடப்படும் தேவாலயங்களை எப்படிக் கையாள்வது என்று வழிகாட்டுதல் தயாரித்தது.

இந்தியாவில் கதை வேறு. இங்கே பெரும்பாலான தேவாலயங்களில் ஆள் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை இடம் போதாமல் பந்தல் போடுகிற ஊர்கள்தான் அதிகம். அதனால், ஐரோப்பிய மாதிரியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இங்கே பொருந்தக்கூடிய உதாரணங்கள் மேற்கு வங்கம், கேரளம், தமிழ்நாடு மூன்றிலுமே இருக்கின்றன.

செராம்பூரில் என்ன நடந்தது?

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர் செராம்பூர். 1755 முதல் 1845 வரை டென்மார்க்கின் குடியேற்றம். நம்ம தரங்கம்பாடிக்கு வடநாட்டுத் தங்கச்சி என்று சொல்லலாம். 1845ல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்தேதான் டேனிஷ் அரசு ஆங்கிலேயரிடம் விற்றது. வில்லியம் கேரியின் அச்சகமும், 1818ல் தொடங்கிய செராம்பூர் கல்லூரியும் இந்த ஊரைப் புகழ் பெறச் செய்தன.

அங்கே ஆளுநராக இருந்த ஓலே பீ, நன்கொடை திரட்டிக் கட்டத் தொடங்கிய தேவாலயம்தான் புனித ஓலாவ் ஆலயம். 1800ல் வேலை தொடங்கியது. 1805ல் அவர் இறந்துபோக, 1806ல் கட்டி முடித்தார்கள். முகப்பில் டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்டியனின் முத்திரை எழுத்து. ஆற்றின் எதிர்க்கரையில் பராக்பூரில் ஆங்கிலேய கவர்னர் ஜெனரலின் ஓய்வு மாளிகை. அங்கிருந்து பார்த்தால் இந்தக் கோபுரம் தெரியும்.

இருநூறு வருடத்தில் கட்டடம் தளர்ந்தது. கூரை ஒழுகி, உள்ளே போவதே ஆபத்து என்ற நிலை வந்து, ஆலயம் மூடப்பட்டது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் 2008 முதல் செராம்பூரில் தொடங்கிய பாரம்பரியத் திட்டத்தின் கீழ் இதன் சீரமைப்பு வந்தது. 2013ல் தொடங்கிய வேலை 2016ல் முடிந்து, ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அதே 2016ல் ஆசிய - பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்புக்கான யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. இதே விருது வரிசையில் அடுத்த வருடம், 2017ல், ஸ்ரீரங்கம் ரங்கநாத சுவாமி கோயிலும் இடம்பெற்றது நினைவிருக்கலாம்.

செராம்பூரில் கவனிக்க வேண்டிய விஷயம் விருதுக்கு அப்பால் இருக்கிறது. ஆலயம் மியூசியமாக மாற்றப்படவில்லை. வழிபாடு திரும்ப வந்தது. அதோடு, ஆலயத்தை மட்டும் தனியாகச் சீர்செய்துவிட்டு நிறுத்தவில்லை. சுற்றியுள்ள பழைய டேனிஷ் அரசுக் கட்டடங்களிலும் வேலை நடந்தது. 1786ஐச் சேர்ந்த ‘டென்மார்க் டேவர்ன்’ என்ற பழைய விடுதி, இடிந்து கிடந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டு, 2018ல் காபி ஷாப்பும் தங்கும் அறைகளுமாகத் திறக்கப்பட்டது. ஆக, ஞாயிறு காலையில் ஆலயத்துக்கு ஒரு கூட்டம், மற்ற நாட்களில் ஆற்றங்கரைக்கும் காபி ஷாப்புக்கும் இன்னொரு கூட்டம். பழைய கட்டடத்தைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நடமாட ஒரு காரணம் உருவானது.

கும்பிட ஆளே இல்லாத ஆலயம் என்னவாகும்?

கேரளத்தில் வடக்கு பரவூர், சேந்தமங்கலம் ஊர்களின் யூத ஜெபாலயங்களுக்கு இந்த நிலைதான் வந்தது. 1948ல் இஸ்ரேல் உருவான பிறகு, குறிப்பாக 1950களில், கேரள யூதர்கள் பெரும்பாலும் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டு வரலாறு கொண்ட இந்த ரெண்டு ஜெபாலயங்களும், அரசின் முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் மீட்கப்பட்டு, இன்று கேரள யூதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. கும்பிட்டவர்கள் போய்விட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள் அவர்களின் கதையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பாரிமுனை அருகே, உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், ஆர்மீனியன் தெரு. அங்கே 1772ஐச் சேர்ந்த ஆர்மீனிய தேவாலயம். வணிகத்துக்காக வந்து சென்னையில் வாழ்ந்த ஆர்மீனியர்கள் கட்டியது. இன்று இங்கே வழக்கமாகக் கூடி வழிபட ஆர்மீனியச் சபை இல்லை. கொல்கத்தாவில் உள்ள ஆர்மீனிய தேவாலயக் குழுதான் இதைப் பராமரிக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794ல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறை இந்த வளாகத்தில் இருக்கிறது. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். வெயிலில் அலைந்துவிட்டு உள்ளே நுழைகிற யாரும் முற்றத்து மர நிழலில் கொஞ்ச நேரம் உட்காரலாம். சபையே இல்லாத ஆலயம் இத்தனை வருடம் நிலைத்திருப்பதற்குக் காரணம், அதற்கென்று பொறுப்பேற்ற ஒரு அமைப்பும், கதவைத் திறந்து மூட ஒரு ஆளும் இருப்பதுதான்.

தரங்கம்பாடி இன்னொரு வகை. 1706ல் வந்திறங்கிய சீகன்பால்கு 1718ல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அவருடைய கல்லறையும் அங்கேதான். அதில் கைவைக்காமல், அவர் பெயரில் உள்ள வீட்டை மட்டும் ஜெர்மனியின் ஃபிராங்கே அறக்கட்டளை, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆகியவை சேர்ந்து சீர்செய்தன. 2017ல் அது பண்பாட்டு உரையாடலுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. தமிழ் அச்சு வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் தவறவிடக் கூடாத இடம். ஆலயம் ஆலயமாகவே இருக்க, பக்கத்துக் கட்டடம் பாரம்பரிய மையம் ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு இதுதான் நடைமுறைக்கு எளிய வழி. பழைய பள்ளிக்கூடம், பாதிரியார் பங்களா, விடுதி என்று தேவாலய வளாகங்களில் சும்மா கிடக்கும் கட்டடங்கள் நிறைய.

சபை பெரிசாகிவிட்டால்?

இதுதான் தமிழ்நாட்டில் உண்மையான சிக்கல். நூறு பேருக்குக் கட்டிய ஆலயத்துக்கு ஐந்நூறு பேர் வருகிறார்கள். ‘பாரம்பரியம்’ என்று சொல்லி மழையில் நனையச் சொல்ல முடியுமா? ஆலயம் முதலில் அங்கே ஜெபிக்கிறவர்களுக்குச் சொந்தம். அந்த உரிமையை மதிக்காமல் வெளியிலிருந்து வந்து ‘இடிக்காதே’ என்று மட்டும் சொல்கிறவரை ஊர் நம்பாது. நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால், இடிப்பது ஒன்றே வழி இல்லை. கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆ மசூதியில், பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய கான்கிரீட் பகுதிகளை அகற்றி, பழைய கேரள பாணிக் கட்டடத்தை மீட்டெடுத்தார்கள். கூடுதலாக வருபவர்கள் தொழுவதற்கு நிலத்துக்கு அடியில் கூடம் அமைப்பது திட்டத்தின் பகுதி. எல்லா ஊரிலும் நிலத்தடிக் கூடம் கட்டப் பணம் இருக்காதுதான். ஆனால், பழைய ஆலயத்தை வார நாள் ஜெபத்துக்கும் திருமணத்துக்கும் வைத்துக்கொண்டு, ஞாயிறு ஆராதனைக்கு அதே வளாகத்தில் தள்ளிப் புதிய கூடம் கட்டலாம். இடிப்பதற்கு முன் சபைக் கூட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பல கட்டடங்கள் தப்பிக்கும்.

சிமென்ட் பூசினால் என்ன தப்பு?

பழைய கட்டடத்துக்கு வரும் கேடு பலமுறை நல்ல எண்ணத்தோடு வருகிறது. சுவரில் விரிசல் தெரிந்தால் கமிட்டி உடனே செய்வது சிமென்ட் பூச்சு. பார்க்க வலுவாகத் தெரியும். சில வருடத்தில் நிலைமை மோசமாகும். காரணம் இதுதான்.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பு மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஓதமும், மழையில் உறிஞ்சிய ஈரமும் அதன் வழியே மெதுவாக வெளியேறிவிடும். மேலே சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் உள்ளேயே தங்கும். கடலோர ஊர் என்றால் ஈரத்தோடு உப்பும் இருக்கும். ஈரம் காயும்போது உப்பு படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்து நெருக்கும். வெளியே சிமென்ட் கெட்டியாக நிற்க, உள்ளே செங்கல் மாவாக உதிரும். பழவேற்காடு, தரங்கம்பாடி மாதிரி ஊர்களில் இது ரெட்டிப்பு வேகத்தில் நடக்கும்.

அதனால்தான் சீரமைப்பில் சுண்ணாம்புக்குத் திரும்புகிறார்கள். நீற்றிய சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து பூசுவது நம்ம ஊர் முறை. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளை சேர்த்துப் பளிங்கு போல் இழைத்த ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ பூச்சு ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளையே வியக்கவைத்தது. மரக் கட்டைகள் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரையைப் பழைய சென்னை வீடுகளில் பலர் பார்த்திருப்பார்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு ஆலயத்தைச் சீர்செய்வது, நாலு இளைஞர்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பும்கூட.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் கட்டடத்தை அளந்து, வரைந்து, புகைப்படம் எடுத்து ஆவணப்படுத்துவது. அடுத்து தண்ணீரை நிறுத்துவது: கூரை ஒழுகல், அடைத்த மழைநீர்க் குழாய், சுவரில் முளைத்த அரசங்கன்று. விழுகிற மாதிரி இருக்கும் பகுதிக்கு முட்டுக் கொடுப்பது. இதெல்லாம் முடிந்த பிறகே பூச்சும் வண்ணமும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கூரையைச் சரிசெய்யாமல் முகப்புக்குப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

சட்டம் என்ன சொல்கிறது?

எல்லாப் பழைய கட்டடத்தையும் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் என்பது பரவலான தப்பு எண்ணம். மத்தியத் தொல்லியல் துறை தன் பட்டியலில் உள்ள நினைவுச் சின்னங்களை மட்டுமே கவனிக்கும். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டம் அந்தப் பட்டியலில் உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, இப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட முடியும். மாநிலத் தொல்லியல் துறைக்குத் தனிப் பட்டியல். தரங்கம்பாடியின் டேன்ஸ்போர்க் கோட்டை அதில் வருகிறது.

பெரும்பாலான தேவாலயங்கள் ரெண்டு பட்டியலிலும் இல்லை. அவை மறைமாவட்டத்துக்கோ, திருச்சபையின் அறக்கட்டளைக்கோ சொந்தம். சீர்செய்வதா இடிப்பதா என்ற முடிவும் அவர்களுடையதே. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012லேயே நிறைவேறியது. ஆனால், ஆணையம் அமைய அதன்பின் பத்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

வழிபாட்டு இடத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்குத் திருச்சபைகளுக்குள்ளேயே விதிகள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222ஆம் பிரிவுப்படி, இனி வழிபாட்டுக்குப் பயன்படுத்த முடியாத ஆலயத்தை ஆயர் பொதுப் பயன்பாட்டுக்கு விடலாம். ஆனால், அந்தப் பயன்பாடு இழிவானதாக இருக்கக் கூடாது. அதாவது நூலகம் ஆகலாம், மதுக்கூடம் ஆகக் கூடாது. வளாகத்தில் கல்லறைகள் இருந்தால் அந்தக் குடும்பங்களோடு பேசாமல் எதையும் தொடக் கூடாது.

பணம் எங்கிருந்து வரும்?

செராம்பூருக்கு டென்மார்க் உதவியது. சீகன்பால்கு இல்லத்துக்கு ஜெர்மனி. எல்லா ஊருக்கும் இப்படி வெளிநாட்டு உறவு கிடைக்காது. கிடைத்தாலும், வெளிநாட்டுப் பணம் பெற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். தேவாலயங்களைப் பழுதுபார்க்க மாநில அரசு மானியம் தருகிறது. ஆனால், அது சுண்ணாம்பு வேலை, ஆவணப்படுத்தல் எல்லாம் சேர்ந்த முழுச் சீரமைப்பை மனதில் வைத்த திட்டம் இல்லை.

தேர்வாய் கண்டிகை போன்ற தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டியது சிஎஸ்ஆர். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற ஏதாவது ஒரு அளவை எட்டிய நிறுவனம், கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 50 கோடி என்றால் வருடத்துக்கு 1 கோடி. எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சட்டத்தின் 7ஆம் அட்டவணை சொல்கிறது. அதில் கல்வி, சுகாதாரம் மட்டும் இல்லை. தேசியப் பாரம்பரியம், கலை, பண்பாட்டைக் காப்பதும், வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களை, இடங்களைச் சீரமைப்பதும் தெளிவாகவே இருக்கிறது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

அதாவது, கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை ஆலைகளின் சிஎஸ்ஆர் பணம் பழவேற்காட்டுக் கட்டடத்துக்கோ, இந்தப் பக்கத்துக் கிராமத்தின் பழைய ஆலயத்துக்கோ, கோயிலுக்கோ, பள்ளிவாசலுக்கோ போக சட்டத்தில் இடம் இருக்கிறது. நடைமுறையில் நிறுவனங்கள் தயங்குவது, பணம் ஒரு மதத்தின் வழிபாட்டுக்குப் போவதுபோல் தெரிந்துவிடுமோ என்பதால். ஊர் முழுக்கப் பயன்படுத்தும் மையம் என்று திட்டமிட்டால் அந்தத் தயக்கத்துக்குப் பதில் கிடைக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. சீரமைக்கப் பணம் கிடைப்பதைவிட, அதற்குப் பிறகு வருடா வருடம் பராமரிக்கப் பணம் கிடைப்பது கஷ்டம். திறப்பு விழாவுக்குக் கேமரா வரும். ஐந்தாம் வருடம் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும்போது யாரும் வர மாட்டார்கள். ஆகவே, திட்டத் தொகையில் ஒரு பகுதியை ஆரம்பத்திலேயே பராமரிப்பு நிதியாக ஒதுக்கி வைப்பது நல்லது.

நம்ம பக்கத்து மையத்தில் என்ன இருக்கும்?

இங்கே கொஞ்சம் நேர்மை தேவை. பழவேற்காட்டின் டச்சு வரலாறு என்றால் அழகான கல்லறைகளும் பழைய வரைபடங்களும் மட்டும் இல்லை. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக 1690 வரை இருந்த இந்தத் துறைமுகத்திலிருந்து துணி போனது. இங்கே வெடிமருந்து தயாரானது. அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். மையம் ஒன்று வந்தால் துணியின் கதையோடு அந்த மனிதர்களின் கதையும் அங்கே இருக்க வேண்டும். ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பங்களின் கதையும், பனை ஓலையில் கூடை முடையும் முஸ்லிம் பெண்களின் கைவேலையும் இருக்க வேண்டும். அவர்கள் விற்க ஒரு இடம் கிடைத்தால், மையத்தைத் தினமும் திறக்க அதுவே காரணமாகிவிடும்.

தேர்வாய் கண்டிகைக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது. சிப்காட் வருவதற்காக மேய்க்கால் நிலம் எடுக்கப்பட்டபோது, 2000களின் கடைசியில் ஊர் மக்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், எதிர்த்துப் போராடினார்கள். ஆடு மாடு மேய்ந்த இடம், ஏரிக்குத் தண்ணீர் வந்த வழி, விறகு பொறுக்கிய காடு என்று அவர்கள் சொன்ன ஊர் இன்று கூகுள் மேப்ஸில் இல்லை. ஆலையில் வேலை கிடைத்த இளைஞருக்கும் நிலம் போன பெரியவருக்கும் இடையே அந்தக் கதையைப் பேச ஒரு பொது இடம் வேண்டும். பாரம்பரியம் என்பது நானூறு வருடப் பழசாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய மேய்ச்சல் நிலமும் அதில் சேர்த்தி.

சரி, ஒரு ஊழியர் என்ன செய்ய முடியும்?

பணமோ பதவியோ இல்லாமலும் சில வேலைகள் செய்யலாம். வேலை பார்க்கும் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் கொள்கையில் பாரம்பரியம் என்ற தலைப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். பெரும்பாலும் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும். இல்லை என்றால் ஏன் இல்லை என்று ஹெச்.ஆர். பிரிவில் கேட்கலாம். ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளை, அவர்கள் சம்மதத்தோடு, மொபைலில் பதிவு செய்யலாம். அந்தப் பதிவுக்குப் பெயர், தேதி, இடம் மூன்றும் போட்டு வைத்தால் அது நாளைக்கு ஆவணம்.

பழைய ஆலயம் ஏதாவது இடிக்கப்படப் போகிறது என்று தெரிந்தால், சண்டைக்குப் போவதற்கு முன் பங்குத்தந்தையிடமோ சபைக் கமிட்டியிடமோ போய் மூன்று விஷயம் கேட்கலாம். கட்டடத்தைப் பாரம்பரியக் கட்டடங்களில் அனுபவம் உள்ள பொறியாளர் யாராவது பார்த்தார்களா? வளாகத்தில் வேறு இடத்தில் புதிய கூடம் கட்ட வழி இருக்கிறதா? இடிப்பதே முடிவு என்றால், அதற்கு முன் அளந்து படம் எடுத்து, கல்வெட்டுகளையும் பதிவேடுகளையும் எடுத்து வைப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைத்தாலே பாதி காப்பாற்றியது மாதிரி.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் கல்லின் மேல் ஏறி செல்ஃபி எடுக்காமல் இருப்பதும், சுவரில் பெயர் கிறுக்காமல் இருப்பதும்கூடப் பாதுகாப்புப் பணிதான்.

கடைசியில் சாவி யாரிடம்?

செராம்பூர், பரவூர், ஆர்மீனியன் தெரு, தரங்கம்பாடி எல்லா இடத்திலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. கட்டடம் யாருடையது, வேலை யார் செய்வது, பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதற்குத் தெளிவான பதில் இருந்தது. காலையில் வந்து கதவைத் திறக்க ஒரு ஆள் இருந்தார். திறந்த கட்டடத்தில் ஒழுகல் முதல் நாளே தெரிந்துவிடும். பூட்டிய கட்டடத்தில் கூரை விழுந்த பிறகுதான் தெரியும்.

பழவேற்காட்டிலோ கும்மிடிப்பூண்டி பக்கத்து ஊரிலோ இப்படி ஒரு மையம் வருமானால், அது முதலில் பேச வேண்டியது வடிவமைப்பாளரோடு இல்லை. சபையாரும், ஜமாஅத்தும், மீனவப் பஞ்சாயத்தும், ஊராட்சியும், பணம் தரும் கம்பெனியும் ஒரே பாயில் உட்கார்ந்து, ‘திங்கட்கிழமை காலையில் இதை யார் திறப்பார்கள், அவருக்குச் சம்பளம் யார் தருவார்கள்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் கிடைத்த பிறகு சுண்ணாம்பு ஊறவைத்தால் போதும்.